குண்டு வெடித்தால் முதலில் பேசுவது யார்? லிட்டில் இந்தியா இரவு விட்டுச்சென்ற கேள்வி

(ஞாயிறு மாலை குடும்பக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, பயங்கரவாதத் தாக்குதல் நடந்தால் காவல்துறையின் மேலதிகாரிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும், மக்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது. இதைக் கேட்டதும் ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "நாம புளோக்குக் கீழே கூட்டிப் பெருக்குறவங்க, கட்டடம் கட்டுறவங்க. பெரிய போலீஸ் அதிகாரி என்ன செய்யணும்னு நமக்கு எதுக்கு?"

நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த உரை. ஆபத்து வரும் நேரத்தில் மேலதிகாரி வாய் திறந்து சொல்லும் முதல் சில வார்த்தைகள் நம் உயிரைக் காப்பாற்றலாம். அதே வார்த்தைகள் தவறாக வந்தால், மறுநாள் காலையில் எம்ஆர்டியில் நம் பிள்ளையைப் பார்க்கிறவர்களின் பார்வையே மாறிவிடும். ஆகவே இது நம் விஷயம்தான்.

எங்கோ நடந்ததைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த வரவில்லை. நம் தேக்காவுக்குப் பக்கத்தில், நம் மக்கள் கூடும் இடத்தில் நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

2013 டிசம்பர் 8

அன்று ஞாயிற்றுக்கிழமை. இரவு 9.20 மணி வாக்கில் ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சந்திக்கும் இடத்தில், தொழிலாளர்களை டோர்மிட்டரிக்குத் திருப்பி ஏற்றிச் செல்லும் தனியார் பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி ஒரு தம்பி இறந்துபோனார். தமிழ்நாட்டிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்தவர். வயது 33. அடுத்த இரண்டு மணி நேரத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கூட்டம் பஸ்ஸைத் தாக்கியது, போலீஸ் வண்டிகளைக் கவிழ்த்தது, வண்டிகளுக்குத் தீ வைத்தது. 50-க்கும் மேற்பட்ட அதிகாரிகள் காயமடைந்தார்கள். 40 ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நாடு பார்க்காத கலவரம் அது.

அது பயங்கரவாதத் தாக்குதல் அல்ல. யாரும் திட்டம் போட்டுச் செய்ததும் அல்ல. பிறகு ஏன் அதைப் பற்றிப் பேசுகிறேன்? ஓர் இரவு, ஒரு குறுகிய சாலை, பெருங்கூட்டம், குழப்பம், வதந்தி, சில நிமிடங்களுக்குள் முடிவெடுக்க வேண்டிய மேலதிகாரிகள். ஒரு குண்டு வெடித்தாலும் இதே சூழ்நிலைதான் இருக்கும், இதைவிடப் பல மடங்கு மோசமாக. அன்றைக்குச் சரியாக நடந்தது எது, தவறியது எது என்று பார்த்தால் நாளைக்கு என்ன கேட்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்துவிடும்.

அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது. தலைவர், ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஜி. பன்னீர் செல்வம். முன்னாள் காவல்துறை ஆணையர் ஒருவரும், தொழிற்சங்கத் தலைவராக இருந்த ஜான் டி பாய்வாவும் அதில் இருந்தார்கள். 2014 பிப்ரவரி 19 தொடங்கி பகிரங்கமாக விசாரணை நடந்தது. ஜூன் மாதக் கடைசியில் அறிக்கை வெளிவந்தது. கதவைச் சாத்திக்கொண்டு விசாரிக்காமல், போலீஸ் மேலதிகாரிகளைப் பொதுமக்கள் முன்னிலையில் கேள்வி கேட்டது நல்ல செயல். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

அறிக்கையில் மது காரணம் என்றார்கள். அதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 2015 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அதைத்தான் நினைவூட்டுகிறது. ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

அது என்னவென்றால், தவறான புரிதல். விபத்தைப் பற்றியும், உதவிக்கு வந்தவர்கள் செய்ததைப் பற்றியும் கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டது. குடிமைத் தற்காப்புப் படையினர் பஸ்ஸுக்கு அடியிலிருந்து அந்தத் தம்பியை வெளியே எடுத்தார்கள். அவர் உயிர் அப்போதே போயிருந்தது. அதே நேரத்தில் பஸ் ஓட்டுநரையும், பஸ்ஸில் ஆள் ஏற்றிவிடும் பெண்மணியையும் கூட்டத்தின் அடியிலிருந்து காப்பாற்ற ஆம்புலன்சுக்கு அழைத்துச் சென்றார்கள். தூரத்தில் நின்றவர்கள் என்ன பார்த்தார்கள்? நம்ம ஆள் தரையில் கிடக்கிறான், மோதிய ஆளை ஆம்புலன்சில் ஏற்றுகிறார்கள். அவ்வளவுதான். மீதியைக் கோபம் எழுதிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். "தம்பிகளா, அவரைக் காப்பாற்ற எல்லா முயற்சியும் செய்தோம். அவர் இறந்துவிட்டார். உடலை மரியாதையோடு எடுத்துச் செல்கிறோம். ஓட்டுநர் போலீஸ் காவலில் இருக்கிறார், விசாரணை நடக்கும். வழி விடுங்கள்." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. தமிழில், ஒலிபெருக்கியில், திரும்பத் திரும்ப, சட்டையில் பட்டை போட்ட ஒரு மேலதிகாரியின் வாயிலிருந்து. இது எல்லோரையும் அமைதிப்படுத்தியிருக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். கல்லெறிய முடிவு செய்துவிட்டவன் கேட்டிருக்கமாட்டான். ஆனால் சுற்றி நின்ற நூற்றுக்கணக்கானவர்கள் வீடு திரும்ப ஒரு காரணம் கிடைத்திருக்கும். நெருப்புக்கு விறகு குறைந்திருக்கும்.

மைக் யார் கையில்?

நம் காவல்துறையில் தமிழ் பேசும் அதிகாரிகள் இல்லையா? நிறைய இருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள்தான். ஆள் இருக்கிறாரா என்பது பிரச்சினையே இல்லை. அந்த நிமிடத்தில் அவர் எங்கே இருக்கிறார், மைக் யார் கையில் இருக்கிறது, பேசுவதற்கு அவருக்கு யார் அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்பதே பிரச்சினை. ஞாயிறுதோறும் தமிழும் வங்காளமும் பேசும் ஆயிரக்கணக்கானோர் கூடும் இடம் அது. அங்கே ஆபத்து என்றால் அந்த மொழிகளில் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். நம் அரசியல் சாசனத்தின் 153ஏ பிரிவு தமிழை அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்கிறது. பணநோட்டிலும் எம்ஆர்டி பெயர்ப் பலகையிலும் இருக்கும் அந்த மொழி, ஆபத்து நேரத்து ஒலிபெருக்கியிலும் இருக்க வேண்டாமா?

காவல்துறையின் கட்டளை அமைப்பைப் பற்றியும் விசாரணைக் குழு கூறியது. முதலில் வந்த அதிகாரிகள் சிலர் உயிரைப் பணயம் வைத்து ஓட்டுநரையும் அந்தப் பெண்மணியையும் காப்பாற்றினார்கள். அதைக் குழு பாராட்டியது. ஒரு துப்பாக்கிக் குண்டுகூட மக்களை நோக்கிச் சுடப்படவில்லை. அந்த நிதானத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் இரவு பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் தடுமாற்றம் இருந்தது. களத்தில் இருந்தவர்களுக்குள் தகவல் சரியாகப் போய்ச் சேரவில்லை. சிறப்பு நடவடிக்கைப் பிரிவை வரவழைக்கும் முறையில் தாமதம். ஆகவே குழு செய்த பரிந்துரைகளில் தகவல் தொடர்பையும் கட்டளை வசதிகளையும் மேம்படுத்துவது, சிறப்புப் பிரிவை அழைக்கும் நடைமுறையைச் சுருக்குவது, முதலில் போய் நிற்கும் சாதாரண போலீஸ்காரருக்குப் பயிற்சியும் சாதனமும் கொடுப்பது எல்லாம் இருந்தன. அப்போதைய ஆணையர் இங் ஜூ ஹீ, தமக்கு இன்னும் 1,000 அதிகாரிகள் வேண்டும் என்று குழுவிடம் சொன்னார்.

ஆள் வேண்டும், கேமரா வேண்டும், வெளிச்சம் வேண்டும். எல்லாம் சரி. இவற்றோடு வார்த்தையும் வேண்டும் என்பதுதான் என் வாதம்.

மும்பையில் கேட்ட ஒரு குரல்

2008 நவம்பர் 26. மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையம். துப்பாக்கியோடு இரண்டு பேர் நுழைந்து கண்ணில் பட்டவர்களைச் சுட்டார்கள். நிலையத்தின் மேல்மாடியில் அறிவிப்பாளர் அறையில் விஷ்ணு ஜெண்டே என்ற ரயில்வே ஊழியர் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி இல்லை, பதவி இல்லை. கையில் மைக் மட்டும்தான். எந்தப் பக்கம் போகக்கூடாது, எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று திரும்பத் திரும்ப அறிவித்தார். மக்களுக்குப் புரிகிற மொழியில் அறிவித்தார். பலர் தப்பித்தார்கள். தாக்கியவர்கள் அவர் அறையை நோக்கியும் சுட்டார்கள்.

அதே மும்பையில், அதே இரவில், பயங்கரவாத எதிர்ப்புப் படைத் தலைவர் ஹேமந்த் கர்கரே, அசோக் காம்டே, விஜய் சலஸ்கர் மூன்று பேரும் ஒரே வண்டியில் போய் காமா மருத்துவமனைக்கு அருகே சுட்டுக்கொல்லப்பட்டார்கள். மூவரும் துணிச்சலான அதிகாரிகள். துணிச்சல் மட்டும் போதவில்லை. பின்னர் மாநில அரசு அமைத்த ராம் பிரதான் குழு, ஆணையராக இருந்த ஹசன் கஃபூர் நகரம் முழுவதற்கும் தலைமை தாங்காமல் ஓரிடத்திலேயே இருந்துவிட்டார் என்று குறை சொன்னது. தலைவர் என்பவர் எல்லா இடத்தையும் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். இதுதான் பாடம்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டிய படங்களைப் பார்த்து, வெளிநாட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் தாக்கியவர்களுக்குத் தொலைபேசியில் உத்தரவு கொடுத்தார்கள். 2012-இல் கசாப் வழக்குத் தீர்ப்பில் இந்திய உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தாக்குதலில் இறந்தவர்களில் சிங்கப்பூரைச் சேர்ந்த ஓர் இளம் பெண் வழக்கறிஞரும் உண்டு. எங்கள் தொழிலைச் சேர்ந்தவர். அதனால் எனக்கு அது தூரத்துச் செய்தியாக இருந்ததே இல்லை.

இங்கே 2018-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. பொது ஒழுங்கு, பாதுகாப்பு தொடர்பான சிறப்பு அதிகாரச் சட்டம். பெரிய சம்பவம் நடக்கும்போது, அமைச்சர் அதிகாரம் அளித்தால், போலீஸ் நடவடிக்கையைப் படம் எடுக்கவோ அதைப் பற்றிச் செய்தி அனுப்பவோ கூடாது என்று காவல்துறை ஆணையர் தடை போடலாம். மும்பையை நினைத்தால் இதன் தேவை புரிகிறது. ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். மக்கள் வாயை மூடு என்று சொல்லும் அதிகாரம் உனக்கு இருந்தால், நீ வாய் திறக்க வேண்டும் என்ற கடமை உனக்கு இருக்க வேண்டாமா? படம் எடுக்காதே என்பது ஒரு கை. உண்மை இதுதான் என்று உடனே சொல்வது இன்னொரு கை. இரண்டும் சேர்ந்தால்தான் ஓசை.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்

சொல்லாமல் விட்டதன் கொடுமையை இலங்கையில் நம் மக்கள் அனுபவித்தார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு ஆலயம், மட்டக்களப்பு சீயோன் ஆலயம், மூன்று ஹோட்டல்கள். 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோன் ஆலயத்தில் ஞாயிறு வகுப்பு முடித்து வந்த தமிழ்ப் பிள்ளைகளும் இறந்தார்கள். தாக்குதல் நடக்கப்போகிறது என்ற எச்சரிக்கை பல நாட்களுக்கு முன்பே உளவுத்துறைக்கும் காவல்துறைத் தலைமைக்கும் வந்திருந்தது. கடிதம் மேசை மாறி மேசை போனது. கோயில் வாசலுக்குப் போகவில்லை. பங்குத் தந்தைக்கும் போகவில்லை. தாய்மாருக்கும் போகவில்லை.

2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாயும், காவல்துறைத் தலைவராக இருந்த பூஜித் ஜயசுந்தர ஏழரைக் கோடி ரூபாயும் பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடாகத் தர வேண்டும் என்றது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது மக்களின் அடிப்படை உரிமையை மீறும் செயல் என்று ஒரு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே சொல்லிவிட்டது. சட்டம் படித்தவன் என்ற முறையில் இந்தத் தீர்ப்பை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

நம் ஊரிலும் ஒரு சம்பவம் உண்டு. 2008 பிப்ரவரி 27 அன்று மாஸ் செலாமாட் கஸ்தாரி விட்லி ரோடு தடுப்புக் காவல் நிலையத்திலிருந்து தப்பினார். பொதுமக்களுக்குச் சொல்ல ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆனது. தப்பியவர் அண்டை நாடு வரை போய்விட்டார். 2009 ஏப்ரலில் ஜொகூரில்தான் பிடிபட்டார். முதல் மணி நேரத்தில் இந்தத் தீவில் இருந்த லட்சக்கணக்கான கண்களை நம்பியிருக்கலாம். டாக்சி ஓட்டும் அண்ணன், கோப்பிக்கடை அக்கா, தோட்டவேலை செய்யும் தம்பி, எல்லோரும் பார்த்திருப்பார்கள். மக்களை நம்பாத காவல்துறை, மக்களின் கண்களையும் இழக்கிறது.

தவறாகச் சொன்னால் என்ன ஆகும்

2005 ஜூலை 7-இல் லண்டனில் குண்டு வெடித்து 52 பேர் இறந்தார்கள். இரண்டு வாரம் கழித்து, ஜூலை 22 அன்று, ஸ்டாக்வெல் நிலையத்தில் ரயிலுக்குள் ஓர் இளைஞரைப் போலீஸ் சுட்டுக்கொன்றது. அன்று பிற்பகலே ஆணையர் இயன் பிளேர், இது பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கையோடு நேரடித் தொடர்புடையது என்று பேசினார். அவர் உடையும் நடத்தையும் சந்தேகத்தைக் கூட்டின என்று போலீஸ் தரப்பிலிருந்து தகவல் போனது. மறுநாள் உண்மை வெளிவந்தது. இறந்தவர் பிரேசிலிலிருந்து பிழைக்க வந்த மின்பணியாளர். எந்தத் தொடர்பும் இல்லாதவர். வேலைக்குப் புறப்பட்டவர். 2007-இல் நீதிமன்றம் லண்டன் காவல்துறையைக் குற்றவாளி என்று தீர்மானித்து அபராதம் விதித்தது. ஆனால் முதல் நாள் சொன்ன தவறான வார்த்தைகள் உலகம் முழுவதும் போய்விட்டன. அந்தத் தாய்க்கு அவற்றை யார் திரும்ப எடுத்துக்கொடுப்பது?

நிறம் கறுப்பாக, முகம் வெளிநாட்டு முகமாக, முதுகில் பை மாட்டிக்கொண்டு எம்ஆர்டியில் ஏறும் நம் தம்பிகளை நினைத்துப் பாருங்கள். இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 2016 ஜூலை 22, ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு கடைத்தொகுதியில் 18 வயது இளைஞன் சுட்டதில் ஒன்பது பேர் இறந்தார்கள். நகரம் முழுவதும் வதந்தி. அங்கேயும் சுடுகிறார்கள், இங்கேயும் சுடுகிறார்கள் என்று மக்கள் ஓடினார்கள். காவல்துறை ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, துருக்கி என நான்கு மொழிகளில் இணையத்தில் தகவல் கொடுத்தது. துருக்கி மொழி அங்கே பிழைக்க வந்தவர்களின் மொழி. தெரிந்ததைச் சொன்னது, தெரியாததைத் தெரியாது என்றது, ஊகிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. முதலில் எல்லோரும் இஸ்லாமியத் தீவிரவாதம் என்றே நினைத்தார்கள். கடைசியில் பார்த்தால் சுட்டவன் வலதுசாரி இனவெறி கொண்டவன். இறந்தவர்களில் பெரும்பாலோர் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். போலீஸ் அவசரப்பட்டு ஒரு சமூகத்தின் பெயரைச் சொல்லியிருந்தால், பாதிக்கப்பட்டவர்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதாக ஆகியிருக்கும்.

இங்கேயும் 2020 டிசம்பரில், இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்ட 16 வயது மாணவனை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிடித்தார்கள். கிறிஸ்தவன், இந்திய வம்சாவளி என்று அறிவித்தார்கள். நல்லவேளை, எதுவும் நடக்கும் முன்பே பிடித்தார்கள். நடந்திருந்தால்? அன்று இரவு மேலதிகாரியின் முதல் வாக்கியத்தில் "இந்தியர்" என்ற சொல் எங்கே வருகிறது என்பது நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் பாதித்திருக்கும்.

அடுத்த நாள் காலை

லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பிறகு அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், இந்த ஒரு சம்பவத்தை வைத்து வெளிநாட்டு ஊழியர்கள் எல்லோரையும் தவறாக எண்ணக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். நல்ல வார்த்தை. ஆனாலும் இணையத்தில் நம்மை இழிவாக எழுதியவர்கள் எழுதினார்கள். 25 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 57 பேர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு நீதிமன்றம் இருந்தது, சாட்சி இருந்தது, வாதாட வாய்ப்பு இருந்தது. அனுப்பப்பட்டவர்களுக்கு அது இல்லை. லட்சக்கணக்கில் ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்தவர்களுக்குத் திருப்பி அனுப்புவது சின்னத் தண்டனையா? அது ஒரு குடும்பத்தின் வீட்டுப் பத்திரம்.

அந்த வாரத்தில் ஒரு தம்பி என்னிடம் தொலைபேசியில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "நான் அங்க இல்லீங்க. ஆனா என் கூட்டாளி என்னை போன்ல கூப்பிட்டான். அது தப்பாகுமாங்க?" பயம் எவ்வளவு தூரம் போயிருந்தது பாருங்கள்! யாரை விசாரிக்கிறோம், எதற்கு விசாரிக்கிறோம், விசாரணைக்கு வருவதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார் என்று மேலதிகாரி ஒருவர் தமிழில் தெளிவாகச் சொல்லியிருந்தால் இந்தப் பயம் பாதியாகக் குறைந்திருக்கும். பயந்தவன் சாட்சி சொல்ல வரமாட்டான். அதனால் நஷ்டம் காவல்துறைக்கும்தான்.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே நம் கோரிக்கைகளைச் சுருக்கமாக வைக்கிறேன்.

ஒன்று. சம்பவம் நடந்து அரை மணி நேரத்துக்குள் ஒரு மேலதிகாரி பேச வேண்டும். முழு விவரம் தெரிய வேண்டியதில்லை. "இது நடந்தது. இந்தச் சாலைகளுக்குப் போகாதீர்கள். இது இன்னும் தெரியவில்லை. அடுத்து இத்தனை மணிக்குச் சொல்கிறோம்" என்றால் போதும். சொன்ன நேரத்துக்குத் திரும்ப வந்து பேச வேண்டும். புதிதாக ஒன்றும் இல்லை என்றாலும் வந்து அதைச் சொல்ல வேண்டும்.

இரண்டு. நான்கு மொழிகளிலும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் இன்று இரவு, தமிழில் நாளைக் காலை என்பது ஏற்க முடியாதது. லிட்டில் இந்தியா போன்ற இடங்களில் வங்காளத்தையும் சேர்க்க வேண்டும். ஒலி 96.8, வசந்தம், டோர்மிட்டரி ஒலிபெருக்கி, தொழிலாளர்களின் வாட்ஸ்அப் குழுக்கள், எல்லாவற்றுக்கும் ஒரே செய்தி போக வேண்டும். வார்த்தைகளை இப்போதே எழுதி, மொழிபெயர்த்து, தயாராக வைக்கலாம். குண்டு வெடித்த பிறகு அகராதியைத் தேட முடியாது.

மூன்று. களத்தில் கட்டளையிடுபவர் ஒருவர், முழு நகரத்தையும் பார்ப்பவர் ஒருவர், மக்களிடம் பேசுபவர் ஒருவர் என்று மூன்று பேர் வேண்டும். ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு மான்செஸ்டர் உதாரணம். 2017 மே 22-இல் அங்கே 22 பேர் இறந்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் பொறுப்பில் இருந்த அதிகாரி வேலைப்பளுவில் மூழ்கி, மற்றச் சேவைகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டார். தீயணைப்புப் படை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. விசாரணை ஆணையம் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது.

நான்கு. செய்த செயலைச் சொல்லுங்கள், செய்தவனைத் தேடுங்கள். அவன் இனத்தையும் மதத்தையும் நாட்டையும், அடையாளம் காண அவசியம் என்றால் தவிர, முதலில் இழுக்காதீர்கள். தவறாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கே, அதே குரலில், அதே மேடையில் திருத்துங்கள்.

ஐந்து. பிடிபட்டவர்களின் குடும்பத்துக்குத் தகவல் சொல்லத் தமிழ் பேசும் தொடர்பு எண் ஒன்று வேண்டும். ஊரில் இருக்கும் அம்மா, தன் மகன் உயிரோடு இருக்கிறானா, மருத்துவமனையில் இருக்கிறானா, காவலில் இருக்கிறானா என்று தெரியாமல் மூன்று நாள் தவிக்கக்கூடாது.

நம் பங்கு

மற்றவர்களிடம் கேட்டால் மட்டும் போதாது. நமக்கும் கடமை உண்டு. வதந்திக்குக் கால் இல்லை. நாம்தான் தூக்கிக்கொண்டு நடக்கிறோம். உறுதி இல்லாத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள், அது சொந்த மாமாவிடமிருந்தே வந்திருந்தாலும் சரி. ஆபத்து கண்ணெதிரே இருந்தால் முதலில் ஓடுங்கள், முடியாவிட்டால் ஒளிந்துகொள்ளுங்கள், பாதுகாப்பான இடத்துக்குப் போனதும் 999-க்குச் சொல்லுங்கள். ஆங்கிலம் வராது என்று தயங்காதீர்கள். இடத்தின் பெயரையும் "தமிழ்" என்ற சொல்லையும் சொன்னால்கூட அது ஒரு தொடக்கம். சம்பவ இடத்தில் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். அன்று வேடிக்கை பார்க்க நின்றவர்களும் விசாரணைக்குப் போனார்கள்.

விசாரணைக்கு அழைத்தால் ஒத்துழையுங்கள். ஆனால் உங்கள் உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வாக்குமூலத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மரியாதையாகக் கேளுங்கள். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைப் பார்க்க வாய்ப்பு தர வேண்டும், ஆனால் அது பிடித்த உடனே கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். இவை அரசியல் சாசனத்தின் 9-ஆவது பிரிவில் இருப்பவை. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிடித்தால் நிலைமை வேறு, அதில் விசாரணை இல்லாமலே தடுத்து வைக்க முடியும். இந்த வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்வது என் கடமை.

கடைசியாக ஒன்று. நாம் காவல்துறைக்கு எதிரானவர்கள் அல்ல. ஞாயிற்றுக்கிழமை இரவு தேக்கா பக்கம் குண்டு வெடித்தால் முதலில் சாகப்போவது நம் மக்கள். முதலில் ஓடி வந்து காப்பாற்றப் போவதும் ஒரு போலீஸ்காரர், ஓர் ஆம்புலன்ஸ் ஊழியர். அவர் காப்பாற்றத்தான் வருகிறார் என்று கூட்டத்துக்குப் புரிய வேண்டும். 2013-இல் அது புரியாமல் போனதால்தான் காப்பாற்ற வந்தவர்கள் மீதே கல் விழுந்தது. அந்த வெட்கத்தில் நமக்கும் பங்கு இருக்கிறது. அதைத் தடுக்கும் வழி ஒரு மைக்கும், ஒரு மேலதிகாரியும், நாலு வரி தமிழும். இதைக் கேட்பது சலுகை அல்ல, நம் பாதுகாப்பு.

இந்த ஐந்து கோரிக்கைகளையும் மனுவாக எழுதி, கையெழுத்து வாங்கி, உள்துறை அமைச்சுக்கும் நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்பலாம் என்று நினைக்கிறேன். மேசையில் தாள் இருக்கிறது. படித்துப் பாருங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் எழுதிச் சேருங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள். புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.